பேனரில் போட முடியாத ஜீவன்

நான் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா நூடுல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார்.

மூணாற்றில் ஒரு ஓட்டலின் மாடி அரங்கம், மதியச் சாப்பாட்டு நேரம். காட்டுயிர்களைக் காக்க நிதி கொடுக்கிறவர்களையும் நிதி கேட்கிறவர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் காரியம் நடக்கும் என்று யாரோ யோசித்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் புலிக்குட்டியைத் திரையில் போட்டார். அரங்கமே "அச்சோ" என்றது. அவருக்கும் முன்னால் பேசியவர் யானைக்குட்டி சேற்றில் சறுக்கும் வீடியோவைப் போட்டார். அந்தச் சிரிப்பு அடங்கவே நேரமானது. அடுத்து நான் ஏறினேன். ஈர மண்ணில் சுருண்டு கிடக்கிற, காலே இல்லாத, கண் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிற, வழவழவென்று கறுத்த ஓர் உயிரைத் திரை முழுக்கக் காட்டினேன்.

சாப்பிடுகிற நேரத்தில் அவ்வளவு பெரிதாகக் காட்டியிருக்க வேண்டாம்தான். அது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. பேச்சு முடிந்ததும் ஒருவர் மரியாதையாக வந்து, "இது புழுவா, பாம்பா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்லை சார், தவளைக்குச் சொந்தம்" என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் பக்கம் போனார்.

மலையாளத்தில் இதைக் குருடி என்பார்கள். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் இருதலைப் பாம்பு என்று ஒரே போடாகப் போட்டு வெட்டிவிடுவார்கள். விஷம் கிடையாது, கடிக்காது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, மண்ணுக்குள்ளேயே மண்புழுவையும் கரையானையும் தின்று, யார் வம்புக்கும் போகாமல் செத்துப்போகும். மழை பிடித்ததும் ஓடைக்கரை ஈரத்தில் குழி செய்து முட்டையிடும். தாய் அந்த முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, குஞ்சு வெளிவரும் வரை அங்கேயே கிடக்கும்.

நான் ஒன்றும் இதை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. குமுளியில் ஒரு பலசரக்குக் கடை மாடியில் எங்கள் அலுவலகம். காட்டுயிர்ப் பாதுகாப்பு வேலை செய்கிற சின்ன அமைப்பு. நான் சேர்ந்தபோது பறவை ஒருத்தருக்கு, பட்டாம்பூச்சி ஒருத்தருக்கு என்று ஏற்கெனவே பங்கு போட்டு முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தது குருடி. முதல் மாதம் வீட்டில் எதைப் பற்றி வேலை என்றுகூடச் சொல்லவில்லை. பொதுவாக, "காட்டு வேலை" என்று சமாளித்தேன்.

பிடிவாதம் பிறகுதான் வந்தது. நான் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கொழுந்துக் கூடையோடு நிற்கிற என் அம்மாவை எத்தனையோ சுற்றுலாக் கேமராக்கள் படம் பிடித்திருக்கின்றன. எங்கேயோ ஏதோ ஒரு காலண்டரில்கூட அம்மா இருக்கலாம். அதே மலையில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு செடிக்கு மருந்தடித்த அப்பாவை ஒருத்தரும் எடுத்ததில்லை. ஜீப்பை நிறுத்தினவர்கள்கூட வாடை பிடிக்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பார்க்க லட்சணமாக இருக்கிறவர்களுக்குத்தான் வண்டி நிற்கும் என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே எரிச்சலும் அதிகம்.

நான் காப்பாற்ற நினைத்த இடம் குமுளியை அடுத்த ஆனைக்கரைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் இருந்தது. இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஓடையை ஒட்டி நீளமாக ஒரு சதுப்பு. மேல் பாதி மரநிழலில், கீழ் பாதி ரோட்டோரத்தில். மண்ணை லேசாகப் புரட்டினாலே குருடி தட்டுப்படும். அப்படி ஓர் இடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. எதிர்ப்புறம் புதிதாக ஒரு ரிசார்ட் வந்தது. அவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். சதுப்பை மண் போட்டு நிரப்பித் தந்தால் வாடகை தருவதாகத் தோட்டக்காரரிடம் பேசியிருந்தார்கள். வில்லேஜ் ஆபீசில் போய்ப் பார்த்தேன். ஆவணத்தில் அது வெறும் தோட்டம். சதுப்பு என்று ஓர் எழுத்து கிடையாது, சட்டத்தைக் காட்டித் தடுக்க வழியில்லை.

தோட்டக்காரர் நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். "மோளே, எனக்கு அந்த ஜீவியோட விரோதம் ஒண்ணும் இல்ல" என்றார். "அவங்க தர்ற வாடகைய நிங்க தந்தா நிங்களுக்கே தரும். ஓணத்துக்கு ரிசார்ட்டில ஆள் வரும், அதுக்கு முன்னால சொல்லணும்." எனக்கு இரண்டரை மாதம் இருந்தது. அந்த இரண்டரை மாதத்தில் கேட்காத இடமில்லை. ஒருவர், "பக்கத்தில் புலி நடமாட்டம் உண்டா?" என்று கேட்டார். ஒருவர், "இதற்கு வேறு நல்ல போட்டோ இல்லையா?" என்றார். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அது அப்படித்தான் இருக்கும் என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். மூணாற்றுக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்கள் ஊரில் வரையாடு இல்லாத பொருளே கிடையாது. பேக்கரி டப்பாவில் வரையாடு, ஜீப் கண்ணாடியில் வரையாடு, பந்து விளையாடுகிற பையன்களின் பனியனில் வரையாடு. கல்யாணப் பத்திரிகையில் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி, நாங்கள் எதை அச்சடித்தாலும் தலைப்பில் ஓர் ஆட்டை நிறுத்திவிடுவோம். நிதி கேட்டு நான் அடித்த நோட்டீசிலும் அப்படித்தான், பாறை மேல் கம்பீரமாக ஓர் ஆடு நின்றது. கீழே முழுக்கக் குருடியைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த ஆட்டுக்கும் ஆனைக்கரைக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் செயலாளருக்கு உறைத்திருந்தது. அவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், விவரமானவர். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டார்.

நோட்டீஸ் போன பத்தாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. மகிழ்ச்சியோடு உதவுவதாகவும், நேரில் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். நான் அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

மேலாளர் ஒருவரும் கேமராக்காரர் ஒருவரும் வந்தார்கள். இருவர் தலையிலும் புதுத் தொப்பி, தொப்பியில் ஆடு. தோட்டத்துக்குள் நடக்கும்போது மேலாளர் காலில் ஏறிய அட்டையை உதறிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, ஆடு எந்தப் பக்கமுங்க வரும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆடு இங்க இல்லீங்க சார். அது மூணாறு மலை உச்சியில இருக்கும். இங்கேருந்து ரொம்ப தூரம்."

"நோட்டீசுல போட்டிருந்தீங்களே?"

"தப்புதான் சார். நான்தான் போட்டேன். கீழ எழுதியிருக்கிறதுதான் எங்க வேலை."

செயலாளர் குறுக்கே புகுந்து, இன்றைக்குத் தங்கினால் நாளைக் காலை மூணாறு போய் ஆட்டைப் பார்த்துவிடலாம், ஜீப் ஏற்பாடு செய்கிறேன் என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். சதுப்புக்குக் கூட்டிப்போய், ஒரு மட்கிய கட்டையை மெல்லப் புரட்டிக் காட்டினேன். நல்லவேளை, ஒன்று இருந்தது. பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடுகிற ஜாதி, என் கண்ணுக்கு அழகாகவே பட்டது. மேலாளர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். மனுஷன் முகம் சுளிக்கவில்லை. அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

"பாவந்தானுங்க" என்றார். "ஆனா இதைய எப்படிங்க பேனர்ல போடறது? எங்க மொதலாளி ஊட்டுல பாத்தா என்னைய வேலையை உட்டே தொரத்திருவாங்க."

கேமராக்காரர் சிரித்தார். அந்த உயிரை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

போகும்போது மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஆட்டுக்குன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க, நான் பேசி வாங்கித் தர்றனுங்க. நீங்க நல்லா வேலை செய்யறவங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை ஆட்டிவிட்டது. பாராட்டைக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. அலுவலகம் திரும்பியதும் செயலாளர் அதையேதான் சொன்னார். ஆட்டுக்கு வாங்கினால் அலுவலக வாடகை கட்டலாம், என் சம்பளம் தரலாம், மிச்சத்தில் குருடிக்கும் ஏதாவது செய்யலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அழகான பிராணியின் நிழலில் அழகில்லாததும் பிழைத்துக்கொள்ளும்.

"ஆடு இருக்கிற மலையில குருடி இல்லையே சார். நிழல் அவ்வளவு தூரம் விழாது" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. என் வேலை செப்டம்பர் வரைதான், அதற்குப் பிறகு குருடிக்கென்று அவரிடம் ஒன்றும் இல்லை என்றார். உண்மைதான். வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது முடித்த பிறகும் முடிவு மாறவில்லை. வரையாட்டின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதற்காகப் பேச ஒரு மலையே இருக்கிறது. நானும் போய் அந்த வரிசையில் நின்றுவிட்டால் இந்தப் பக்கம் ஆளே இருக்காது. மறுநாள் நோட்டீசை மாற்றி அடித்தேன். ஆட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் குருடியின் முகத்தைப் போட்டேன். இன்று வரை அதுதான் போய்க்கொண்டிருக்கிறது. பெரிய கம்பெனி எதுவும் அசையவில்லை. அசைந்தால் அந்த முகத்தைப் பார்த்தே அசையட்டும்.

அந்தத் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் தினமும் காலையில் கம்பத்திலிருந்து எல்லை தாண்டி ஒரே ஜீப்பில் வருவார்கள். பன்னிரண்டு பேர், தூக்குவாளிகள், அவ்வளவு பேர் பேச்சும் சேர்த்து. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நோட்டும் பேனாவுமாகத் திரிந்ததால். முதலில் என்னைப் பார்த்தால் வெட்டிப் போட்ட குருடியைக் குச்சியில் தூக்கிக் காட்டிக் கேலி செய்வார்கள். ஒருநாள் டீ குடிக்கிற நேரத்தில் கூட்டிப்போய், முட்டையைச் சுற்றிக் கிடந்த தாயைக் காட்டினேன். ஜவ்வரிசி வேகவைத்த மாதிரி பளபளவென்று முட்டைகள், அதைச் சுற்றி இரண்டு வளையமாக அது.

"அடி ஆத்தி, பெத்தவளாடி இது! அடைகாக்குதே!" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றோடு வெட்டுவது நின்றது. சதுப்பு ஓரம் களைக்கொத்தை வைத்துவிட்டுக் கையால் களை பிடுங்கினார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஓர் உறுத்தலும் இருந்தது. புலிக்கு அழகு போதும், இதற்கு நல்ல தாய் என்று நடத்தைச் சான்றிதழ் வேண்டியிருந்தது. முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஜாதியாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? நான் எதைக் காட்டியிருப்பேன்?

ஒரே ஒரு பெண் மட்டும் அன்றைக்குப் பார்க்க வரவில்லை. ஜீப்பின் பின்படி ஓரத்தில் உட்கார்ந்து வருகிற அக்கா, ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். குருடி என்ற பேச்சு எடுத்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஒருமுறை மண்வெட்டியில் ஒன்று மாட்டியபோது ஓடிப்போய் ஏலச்செடி மறைவில் வாந்தியே எடுத்தாள்.

கோடையில் செடிக்குத் தண்ணீர் விடும் குளம் எங்கிருந்து நிரம்புகிறது என்பதை எனக்குச் சொன்னவர்கள் இந்தப் பெண்கள்தான். சதுப்பின் மேல் பாதியில் இருக்கிற ஊற்று பங்குனியிலும் வற்றாது. அதைக் கேட்டதும் தோட்டக்காரரிடம் ஓடினேன். அவர் குடை பிடித்துக்கொண்டு என்னோடு வந்து, ஊற்றுக்குள் கைத்தடியை விட்டு ஆழம் பார்த்தார்.

"மேல் பாகம் அங்ஙனெ கிடக்கட்டே. மண் போட மாட்டேன், வாக்கு. கீழ ரோட்டோரம் போனது போனதுதான், அட்வான்ஸ் வாங்கியாச்சு. வர்ற திங்கக்கிழமை ஜேசிபி வரும்."

உயிருக்காகக் கேட்டேன், தண்ணீருக்காகக் கிடைத்தது, அதுவும் பாதி. வாங்கிக்கொண்டேன். கீழ் பாதியில்தான் முட்டைகள் அதிகம். அன்று வெள்ளிக்கிழமை. நடுவில் சனி, ஞாயிறு.

டீ நேரத்தில் அந்தப் பெண்களிடம் போய் நின்றேன். ஏலச்செடியின் தட்டையை இடம் மாற்றி நடும்போது வேரைச் சுற்றித் தாய்மண் உடையாமல் வெட்டி எடுப்பார்களே, அந்த வித்தை எனக்குக் கைவராது, அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. முட்டையும் தாயும் இருக்கிற இடத்தை அப்படியே மண்கட்டியாகப் பெயர்த்து மேல் பாதியில் இறக்க வேண்டும் என்றேன். பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது, கலைந்த பயத்தில் தாய் முட்டையை விட்டுப் போனாலும் போகும் என்பதையும் சொன்னேன். சனிக்கிழமை அவர்களுக்கு வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. கூலி கிடையாது என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. ஏழு பேர் இறங்கினார்கள். ஏழாவதாக இறங்கியது பின்படி அக்கா.

இடத்தை நான் குச்சி நட்டுக் காட்டினேன். சுற்றிலும் அவர்கள் மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி, அடியில் சாக்கை நுழைத்து, நாலு மூலையையும் இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு கட்டிகூட உடையவில்லை. மேலே ஏற்கெனவே தோண்டி வைத்த குழியில் அதே ஆழத்துக்கு இறக்கி, மட்கிய இலையைப் போட்டு மூடினோம். மதியத்துக்குள் பதினொரு கட்டி ஏற்றிவிட்டோம். ஆவணி முடிகிற சமயத்தில் போய்ப் பார்த்தேன். நாலு இடத்தில் குஞ்சு பொரித்து ஓடைக்குப் போயிருந்தது. மற்ற ஏழில் வெறும் மண். நாலு என்பது எனக்குக் கொஞ்சமில்லை. கீழே அதற்குள் கார்கள் நின்றன.

ஆனால் அந்த ஞாயிறைப் பற்றி நான் சொல்ல வந்தது அந்த அக்காவைத்தான். காலையிலிருந்து சாக்கின் ஒரு முனையை விடாமல் பிடித்திருந்தாள். முந்தானையை மூக்கைச் சுற்றி இறுகக் கட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். ஒன்பதாவது கட்டியோ என்னவோ, ஓரத்து மண் லேசாகச் சரிந்து கறுப்பாக ஒரு வளையம் வெளியே தெரிந்தது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஓங்கரித்தாள். கை மட்டும் சாக்கை விடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்க விடுங்க, நான் பிடிக்கிறேன்" என்றேன். கூடவே வாய் சும்மா இருக்காமல், "பாருங்கக்கா, அது ஒண்ணும் செய்யாது. பழகினா பிடிச்சுப்போகும், எனக்கும் முதல்ல..." என்று என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"எனக்கு இதைப் பிடிக்கல டீச்சர். எந்தக் காலத்துலயும் பிடிக்காது. பாத்தாலே கொடலப் பொரட்டுது" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா வந்தீங்க?"

அவள் நின்று, முதல்முறையாக என்னை நேரே பார்த்தாள்.

"என்னத்தா கேள்வி இது? ஆறு வருசம் எம் மாமியாளுக்குப் பீ மூத்திரம் அள்ளுனேன். அவளைப் பிடிச்சா அள்ளுனேன்?"

நான் சாக்கின் மறுமுனையை வாங்கிக்கொண்டேன். மேட்டில் குழி தயாராக இருந்தது. இருவருமாக இறக்கி வைத்து, இலையைப் போட்டு மூடினோம். அவள் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்தது எங்க இருக்கு, காட்டு" என்று எனக்கு முன்னால் கீழே நடந்தாள்.